அரசியல் விவாதத்தைக் கிண்டல் செய்யும் ஸ்கிட்: கதை சொல்ல வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் ஸ்கிட் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமுக்கம் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். கல்லூரிப் பிள்ளைகள், ஒர்க்ஷாப் தம்பிகள், ஒரு தடவை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்கூட வந்து கதை சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் கொண்டுவருவது டிவி விவாதத்தைக் கிண்டல் செய்யும் கதைதான். கேட்கிற சந்தேகமும் ஒன்றேதான். அதையே சொல்லிச் சொல்லி டீ ஆறிப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, கதை சொல்றதுன்னா முழு ஸ்கிரிப்ட்டும் எழுதிட்டு வரணுமா?

வேண்டாம். முழுசாக எழுதிக்கொண்டு வருகிறவர் அதைப் படித்துக் காட்டத் தொடங்குவார். நான்காவது வசனத்தில் கேட்கிறவர் கண் போன் பக்கம் போய்விடும். ஒரு பக்கத் தாள் போதும். மேலே ஒன்லைன், அதாவது கதையின் சாரம். அதன் கீழே யார் யார் வருகிறார்கள், எங்கே நடக்கிறது, எப்படித் தொடங்கி எப்படி முற்றி எதில் முடிகிறது என்று ஏழெட்டு வரி. மாதிரிக்கு இரண்டு கவுண்டர், அதாவது பதிலடி வசனம். வாயால் சொல்ல மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

ஆனால் முடிவு தெரியாமல் வராதீர்கள். "எண்ட் பஞ்ச் அப்புறம் யோசிச்சுக்கலாம்ணே" என்கிறவருக்குப் பெரும்பாலும் அது அப்புறமும் வருவதில்லை.

ஒன்லைன் ஒன்லைன்னு சொல்றீங்க. எனக்கு நீளமாத்தான் வருது, என்ன செய்ய?

"டிவி டிபேட்டைக் கலாய்க்கிறோம்" என்று சொன்னால் அது ஒன்லைன் ஆகாது, வெறும் தலைப்பு. யாருக்கு என்ன வேண்டும், அது ஏன் கிடைக்கவில்லை என்பது தெரிய வேண்டும்.

எங்கள் குழு போட்ட ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். "ஒரு தெருவுக்குத் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. அதைப் பற்றி டிவியில் நாலு பேர் விவாதிக்கிறார்கள், ஆனால் கடைசிவரை ஒருத்தர் வாயிலும் தண்ணீர் என்ற சொல்லே வராது. டீ கொண்டுவரும் பையன் மட்டும் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கப் பார்க்கிறான், முடியவில்லை." மூன்று வாக்கியம். இதைச் சொன்னதும் கேட்கிறவர் மனதில் மேடை வந்துவிடுகிறது. இந்தத் தண்ணீர் ஸ்கிட்டைக் கீழேயும் அடிக்கடி இழுப்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமாக வருகிறது என்றால் இரண்டு கதையை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

டிவி டிபேட்டா, பட்டிமன்றமா, தேர்தல் மேடையா? எதைக் கிண்டல் பண்ணினா நல்லா இருக்கும்?

மூன்றும் வேறு வேறு ஆட்டம். பட்டிமன்றம் நம் ஊர்ச் சரக்கு. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாலமன் பாப்பையா அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். அங்கே நடுவர் இருக்கிறார், கடைசியில் தீர்ப்பு வந்தே ஆக வேண்டும். எல்லாரும் தீர்ப்புக்குக் காத்திருப்பதால் உங்கள் எண்ட் பஞ்ச்சுக்கு இடம் தானாகவே அமைந்துவிடும்.

டிவி விவாதத்தில் தீர்ப்பு கிடையாது, நேரம் முடியும், அவ்வளவுதான். நெறியாளருக்குப் பதில் வேண்டியதில்லை, அடுத்த கேள்விதான் வேண்டும். பேசுகிறவர்கள் ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்து, எதிராளியின் முகம் பார்க்காமலே சண்டை போடுகிறார்கள். மேடையில் இதைக் காட்ட நாங்கள் பழைய ஜன்னல் சட்டங்கள் நாலை வாங்கி, ஆளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்தோம். கோபம் வந்தால் பக்கத்து ஜன்னலுக்குள் தலையை நீட்டுவார்கள். செலவு கம்மி, சிரிப்பு அதிகம்.

மூன்றாவது வகை, அமெரிக்காவில் 1960-இல் கென்னடியும் நிக்சனும் டிவியில் மோதினார்களே, அந்த மாதிரி வேட்பாளர்கள் நேருக்கு நேர் நிற்பது. நம்மூரில் முதல்வர் வேட்பாளர்கள் இப்படி ஒரே மேடையில் நின்று வாதாடும் வழக்கமே இல்லை. ஆகவே அப்படி ஒரு விவாதம் நடப்பதாகக் கதை சொன்னால், "எப்படிச் சம்மதித்தார்கள்?" என்பதையே முதல் ஜோக்காக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரையும் வேறு வேறு நிகழ்ச்சி என்று பொய் சொல்லிக் கூட்டிவருவதாக ஒரு தம்பி சொன்னான். நன்றாக இருந்தது.

நிஜத் தலைவர் பேரையே வச்சு எழுதலாமா?

நான் வேண்டாம் என்பேன். பயத்தால் அல்ல (சட்டம் என்ன சொல்கிறது என்பது கீழே வருகிறது). பேர் வந்ததும் பார்க்கிறவர் உங்கள் கதையை விட்டுவிட்டு, இவன் எந்தக் கட்சி என்று பார்க்கத் தொடங்குகிறார். "கட்சியின் செய்தித் தொடர்பாளர்", "மூத்த விமர்சகர்", "நடுநிலையாளர்" என்று வைத்தால் அவரவர் மனதில் இருக்கும் ஆளை அவரவரே பொருத்திக்கொள்வார்கள். அந்த வேலையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். அதிலும் "நடுநிலையாளர்" என்று அறிவித்தாலே எங்கள் மேடையில் சிரிப்பு வந்துவிடும், வசனமே தேவையில்லை.

எங்க குரூப்ல ஒருத்தன் மிமிக்ரி பட்டையைக் கிளப்புவான். அவனை வீணடிக்கவா சொல்றீங்க?

தலைவர் குரலுக்குக் கைதட்டல் பத்து விநாடி கிடைக்கும். அப்புறம் மீதி ஐந்து நிமிஷமும் அவன் அந்தக் குரலிலேயே மாட்டிக்கொள்வான், கதை நின்றுவிடும். அவனுக்கு இடைவேளை விளம்பரக் குரல் கொடுங்கள். தண்ணீர் ஸ்கிட்டில் அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீர்த் தொட்டி விளம்பரம் வரும்.

டயலாக்கே வர மாட்டேங்குது. சிரிப்பு எங்கிருந்துண்ணே எடுக்குறது?

நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேர விவாதத்தை முழுசாகப் பாருங்கள். ஜோக் தேடாதீர்கள். பேசுகிறவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கோடு போட்டு எண்ணுங்கள். "முடிச்சிடுறேன்" என்று எத்தனை தடவை, அதற்குப் பிறகு எத்தனை நிமிஷம். "அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு வேறு கேள்விக்குப் பதில் சொன்னது எத்தனை. "உங்க ஆட்சியில என்ன நடந்துச்சு?" என்று பின்னால் போனது எத்தனை. ஒரு மணி நேரத்தில் உங்கள் நோட்டில் ஸ்கிட்டுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிடும்.

அப்புறம் அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்து முற்றவிடுங்கள். பின்னால் போகிறவரை எடுத்துக்கொண்டோம். தண்ணீர் ஏன் வரவில்லை என்றால் போன ஆட்சி என்கிறார். எதிராளி அதற்கு முந்தைய ஆட்சி என்கிறார். இவர் வெள்ளைக்காரன் என்கிறார். அவர் நாயக்கர் காலம் என்கிறார். கடைசியில் இருவரும் பாண்டியன் மேல் பழி போட்டு, அதில் மட்டும் ஒத்துப்போய்க் கைகுலுக்குகிறார்கள். படி ஏறுவது போல் இருக்க வேண்டும், ஒவ்வொரு படியும் முந்தியதைவிடப் பெரிதாக. நாலாவது படியிலேயே ஜனங்களுக்கு ஐந்தாவது தெரிந்துவிடும், அந்த இடத்தில் திருப்பிவிட வேண்டும்.

நடந்ததையே எடுத்துக்கொள்வதும் தப்பில்லை. 1976 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில், ஒரு நாடக அரங்கில், ஜெரால்ட் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் விவாதித்துக்கொண்டிருந்தபோது ஒலி போய்விட்டது. அது திரும்பி வர 27 நிமிஷம் ஆனது. அத்தனை நேரமும் நாட்டின் அதிபரும் அதிபராகப் போகிறவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்று கார்ட்டரே பின்னாளில் சொன்னார். இதை அப்படியே உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மைக்செட் அண்ணனிடம் கொண்டுவந்து வையுங்கள். ஒயர் அவர் கையில் இருக்கிறது, போன பொங்கலுக்கான பாக்கி இன்னும் வரவில்லை. மீதியை நீங்கள் எழுதுங்கள்.

ரெண்டு கட்சியையும் சரிசமமாத்தான் கிண்டல் பண்ணணுமா?

தராசு வைத்து எழுதினால் ஸ்கிட் செத்துப்போகும். யார் பதில் சொல்லாமல் நழுவுகிறாரோ அவருக்கு அடி, அவர் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் தோற்கிறது, இன்னொரு பக்கம் வாய் திறந்தால் எல்லாம் நியாயம் என்றால், அது கட்சி மேடை. அவர்களிடம் அதற்கென்று கலைக்குழுவே இருக்கிறது, நம் உதவி தேவையில்லை.

சீரியஸான பிரச்சினையை வச்சு சிரிக்க வைக்கிறது தப்பில்லையா?

யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்களே சறுக்கியிருக்கிறோம். தண்ணீர் ஸ்கிட்டின் முதல் வடிவத்தில் குடத்தோடு சண்டை போடும் இரண்டு பெண்களை வைத்திருந்தோம். சிரிப்பு நன்றாக வந்தது. செல்லூரில் போட்டபோது முடிந்ததும் ஒரு அம்மா வந்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நின்னா உனக்கும் சண்டை வரும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரே விதி வைத்துக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சாவு, சாதிக் கலவரம் நடந்த ஊரில் அதையே எடுப்பது, இதற்கெல்லாம் என்னிடம் கதை சொல்லவே வராதீர்கள்.

நாங்க டீம்ல அஞ்சு பேருமே பொண்ணுங்க. அரசியல்வாதி வேஷத்துக்குப் பசங்களைத் தேடணுமாண்ணே?

எதுக்கு? 1935-லேயே கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடம் போட்டு நடித்துவிட்டார். ஒரு துண்டு போதும். மீசைகூட வேண்டாம்.

இந்தக் கதையை யார்கிட்ட போய்ச் சொல்றது?

கல்லூரிக் கலைவிழா என்றால் உங்கள் துறைப் பேராசிரியர். அங்கே நேரம் கறாராகப் பார்ப்பார்கள், ஐந்து நிமிஷம் என்றால் ஐந்துதான். யூடியூப் சேனல் என்றால் முதல் பதினைந்து விநாடியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் கேட்பார்கள். ஒன்லைனுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். டிவி காமெடி நிகழ்ச்சிக்குத் தேர்வு பெரும்பாலும் சென்னையில்தான். அங்கே அரசியல் என்றாலே கத்தரி எடுப்பார்கள். ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் போடுகிறவர்களில் பபூன் (கோமாளி) வேடக்காரர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஊருக்கு ஊர் அன்றைய சேதியைச் சேர்த்து அவர் அடிக்கும் கவுண்டரைக் கேட்டால், நாம் எழுதுவது ஒன்றுமில்லை என்று தெரியும்.

திருவிழா கமிட்டியில "அரசியல் வேண்டாம் தம்பி"ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

சொல்லத்தான் செய்வார்கள். கமிட்டியில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கட்சி இருக்கும். வரி கொடுத்த எல்லாரும் கீழே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பயப்படுவது அரசியலுக்கு அல்ல, மறுநாள் காலையில் வரும் தகராறுக்கு. அதனால் அவர்களிடம் "அரசியல் கிண்டல்" என்று தொடங்காதீர்கள். "தண்ணி வராததைப் பத்தி ஒரு காமெடிங்கய்யா" என்று தொடங்குங்கள். இது ஏமாற்று இல்லை, கதை உண்மையில் அதுதானே! மேலே பேர் வேண்டாம் என்றேனே, அது இங்கேதான் கை கொடுக்கும். முழு வசனத்தையும் முன்கூட்டியே கேட்டால் கொடுத்துவிடுங்கள். மேடையில் புதிதாக ஒரு வரியும் சேர்க்காதீர்கள். ஒரு தடவை சேர்த்தால் அடுத்த வருஷம் அந்த ஊர் கிடையாது.

மறைத்துச் சொல்வது கோழைத்தனம் என்று ஒரு தம்பி என்னிடம் கோபப்பட்டான். திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாத தாஸ் கதையைச் சொன்னேன். வள்ளி திருமணத்தில் முருகன் வேடத்தில் நின்றுகொண்டு, வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கொக்கு யார் என்று கூட்டத்துக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். பல தடவை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போனது. தம்பி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நாடகம் போட போலீஸ் பெர்மிஷன் வேணுமா? அதுக்குன்னே சட்டம் இருக்காமே?

தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று 1954-இல் ஒன்று வந்தது. வசனத்தை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டச் சொல்லும் சங்கதியெல்லாம் அதில் இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஆனால் பொது இடத்தில் கூட்டம் சேர்க்கவும் ஒலிபெருக்கி வைக்கவும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கத்தான் வேண்டும். திருவிழா என்றால் அதைக் கமிட்டியே வாங்கிவைத்திருக்கும், கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் சிலவற்றுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். "ஒன்பதரைக்கு உங்களுக்கு மேடை" என்று சொன்னால் அது பத்தேகாலுக்குத்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எலெக்ஷன் நேரத்துல போடலாமா? அப்பத்தானே செம ரெஸ்பான்ஸ் வரும்?

வரும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 126-ஐப் படியுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரம் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். இசை நிகழ்ச்சி, நாடகம், கேளிக்கை நடத்தி அதன் வழியாகத் தேர்தல் விஷயத்தைப் பரப்புவதும் கூடாது என்று அதே பிரிவு சொல்வது பலருக்குத் தெரியாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த இரண்டு நாளும் போய் ஜிகர்தண்டா குடியுங்கள்.

கேஸ் போட்டுருவாங்களாண்ணே? வீட்டுல பயப்படுறாங்க.

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பேச்சுரிமை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில் இருக்கிறது. அதற்கு வரம்புகள் 19(2)-இல் இருக்கின்றன. இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 356, இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் தண்டனை உண்டு. சாதி, மதப் பகையைத் தூண்டுவது பிரிவு 196.

ஒரு செய்தித் தொடர்பாளர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று காட்டுவது கிண்டல். பேர் உள்ள ஒருவர் லஞ்சம் வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் மேடையில் சொல்வது குற்றச்சாட்டு, ஜோக் என்று பின்னால் சொன்னாலும் அது மாறாது. இந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் வசனத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு என்னிடம் வாருங்கள். வீட்டில் பயப்படுவது நல்லதுதான், நாலு தடவை படித்துப் பார்ப்பீர்கள்.

நியூஸ் சேனல் மியூசிக், லோகோ எல்லாம் அப்படியே போடலாமா? தலைவர் குரலை ஏஐ-ல செஞ்சு வச்சிருக்கேன்.

இசையும் லோகோவும் அவர்களுடையவை. டப்பாவைத் தட்டி நீங்களே "பிரேக்கிங் நியூஸ்" இசை செய்யுங்கள், அது இன்னும் சிரிப்பாக இருக்கும். ஏஐ குரலை அழித்துவிடுங்கள். அதை யாராவது தனியாக வெட்டி வாட்ஸ்ஆப்பில் விட்டால், உங்கள் ஜோக் போய் பொய்ச் செய்தி ஆகிவிடும்.

நான் சொன்ன கதையை அவங்களே எடுத்துப் போட்டுட்டா?

நடக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது, யார் என்று சொல்லப்போவதில்லை. சட்டம் கருத்துக்குக் காவல் நிற்காது, அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் நிற்கும். நாடகம் ஒன்றைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அதனால் ஒரு பக்கத் தாளோடு போனாலும், முழு வசனத்தை எழுதி உங்கள் மெயிலுக்கே நீங்கள் அனுப்பி வைத்திருங்கள், தேதி நிற்கும். முதல் கேள்வியில் முழுசாக எழுதிக்கொண்டு வர வேண்டாம் என்றேன், எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கதை சொல்லும்போது யாருமே சிரிக்கலைன்னா?

கதை கேட்பதையே வேலையாக வைத்திருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். "ம்" என்றால் நல்ல அறிகுறி, "அப்புறம்?" என்றால் மிக நல்ல அறிகுறி. "இதுல என்ன ஜோக்னா..." என்று விளக்க மட்டும் தொடங்காதீர்கள். அந்த இடத்திலேயே முடிந்தது. கையில் இரண்டாவது கதை ஒன்று இருக்கட்டும். முதலாவது விழுந்தால் அதை எடுத்து வையுங்கள்.

காசு வருமா?

திருவிழாவில் சாப்பாடும் வண்டிக் கூலியும் வரும். மீதியைப் பேசிக்கொள்ளுங்கள், மேடை ஏறுவதற்கு முன்பே.

நாம எழுதுற பிரச்சினை மேடை ஏறுறதுக்குள்ள தீர்ந்துட்டா? ஸ்கிட் பழசாயிடாதா?

அன்றைய தலைப்புச் செய்தியை நம்பி எழுதினால் மூன்றே வாரம்தான். பேசுகிறவர் நழுவும் விதத்தை நம்பி எழுதினால், தண்ணீரை எடுத்துவிட்டு ரோடு, பஸ், ரேஷன் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்த டம்ளர் மட்டும் மாறும்.

ஆனால் தீர்ந்தே விடுவதும் உண்டு. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் தண்ணீர் ஸ்கிட்டைப் போட்டோம். பழி நாயக்கர் காலம் வரை போயிருந்தது. அப்போது தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. நிஜமாகவே தண்ணீர் லாரி. முன்வரிசையிலிருந்து பெண்கள் மொத்தமாக எழுந்து ஓடினார்கள், பின்னால் பிள்ளைகள், அதன் பின்னால் கமிட்டிச் செயலாளர். மேடையில் ஜன்னல் சட்டத்தோடு நாலு பேர், கீழே காலி பாய். நெறியாளர் வேடம் போட்ட பெண் ஒரு நொடி பார்த்தாள். "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடரும்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிஷம் கழித்து எல்லாரும் நிறைகுடத்தோடு வந்து, குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீப் பையன் டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு பாட்டியின் குடத்தில் மொண்டு கொண்டுபோய் மேசையில் வைத்தான்.